பூமைப் பிடிச்சிருக்கிற ரோப்பைத் தடிப்பாக்கினா ஆட்டம் நிக்குமா?

நீங்க எழுதினதை நான் விளங்கிக்கொண்ட மாதிரி முதல்ல திருப்பிச் சொல்லுறன், பிழையெண்டா திருத்துங்கோ. மட்டக்குளியில வேலைத்தளம், 30 மீற்றர் லட்டிஸ் பூம் (குழாய்களைப் பின்னிச் செய்த நீட்டுக் கை) போட்ட, சங்கிலிப் பட்டியில ஓடுற பழைய க்ரோலர் கிரேன், பூமைப் பின்னால இருந்து பிடிச்சிருக்கிற ரெண்டு பென்டன்ட் ரோப்பும் துருப்பிடிச்சிட்டுது, பாரம் தூக்கேக்க நுனி இறங்கி முன்னுக்குப் போகுது, அதால இந்த முறை ஒரு சைஸ் பெரிய ரோப் போடவா, இல்லாட்டி ரோப்பே வேணாமெண்டு வெல்டிங் பாஸைக் கொண்டு இரும்பு ரொட் அடிச்சுப் போடவா எண்டு கேட்டிருக்கிறீங்க. எத்தினை மில்லிமீற்றர் எண்ட கேள்வி மாதிரித்தான் இருக்கு. ஆனா உள்ளுக்க இருக்கிற கேள்வி, பூமைப் பிடிக்கிற சாமான் இழுபட்டுக் குடுக்கிறது ஒரு குறையா, அதை இறுக்கினா மெஷின் பாதுகாப்பாகுமா எண்டதுதான். என்ட பதில்: குறை இல்லை. அந்த இழுபடுதலையும் சேத்துக் கணக்குப் பண்ணித்தான் கிரேனை வரைஞ்சிருப்பாங்கள். பயப்பட வேண்டியது ரோப் தளர்ற நேரத்துக்கும், ரெண்டு ரோப்பும் பாரத்தைச் சமனாப் பங்குபோடாத நேரத்துக்கும்தான். பல வருஷமா கிரேன் பரிசோதனை வேலையில இருக்கிற ஆள் எண்ட முறையில சொல்லுறன், தடிப்புப் போதாம அறுந்த பென்டன்ட்டை விட நுனியைப் பிடிக்கிற இரும்புக் கூடான சொக்கெட்டுக்குள்ள உக்கிப்போன பென்டன்ட்டைத்தான் நான் கூடக் கண்டிருக்கிறன்.

முதல்ல அது ஏன் ரோப்பா இருக்கு எண்டு பாப்பம். லட்டிஸ் பூமை ஒரு நீளமான கம்பம் எண்டு வச்சுக்கொள்ளுங்கோ, அடியில ஒரு பின்னில சுழலுது, நுனியில லோட் கீழ இழுக்குது, பென்டன்ட் பின்னுக்கு இழுக்குது, ரெண்டும் சேந்து பூமை அதின்ட நீளவாட்டிலேயே அடிப்பின்னை நோக்கி அமுக்குது. பூமை வளைக்கப் பாக்கிற விசை பெரிசா இல்லை, சொந்தப் பாரத்தால வாற தொய்வு மாதிரிச் சில்லறை விசயங்கள்தான். அதாலதான் மெல்லிய குழாய்களைப் பின்னிக்கொண்டே 30, 60 மீற்றர் எண்டு போக ஏலுது. டெலஸ்கோப்பிக் பூமைப் பாருங்கோ, அடிக்குக் கிட்ட ஒரு ஹைட்ரோலிக் சிலிண்டர் முட்டுக் குடுக்குது, மிச்சம் முழுக்க அந்தரத்தில நீட்டிக்கொண்டு நிக்குது, அதால அந்த வளைவைத் தாங்கத் தடிச்ச பெட்டி மாதிரிச் செய்ய வேண்டியிருக்கு. சிலிண்டர் தள்ளவும் செய்யும், இழுக்கவும் செய்யும். ரோப் இழுக்க மட்டும்தான் செய்யும். மிச்சத் தலையிடி எல்லாம் இந்த ஒரு வித்தியாசத்தில இருந்துதான் வருது.

இலக்கம் இல்லாமக் கதைச்சா சரிவராது, ஒரு உதாரணம் போடுறன். இது உங்கட மெஷின் இல்லை, நான் வச்சுக்கொண்ட அளவுகள். பூம் 30 மீற்றர், அதின்ட பாரம் 3 தொன், பாரமையம் நடுவில. கொக்கியோட சேத்து லோட் 10 தொன். கேன்ட்ரி, அதாவது பென்டன்ட்டைப் பின்னால இருந்து பிடிக்கிற சட்டகம், அதின்ட உச்சி பூம் அடிப்பின்னில இருந்து 3 மீற்றர் பின்னுக்கு, 5 மீற்றர் உயரத்தில. பூம் 80 பாகையில நிக்கேக்க ரெண்டு பென்டன்ட்டிலயும் சேத்து வாற இழுவை 13.5 தொன் அளவு. 60 பாகைக்கு இறக்கினா 31 தொன். 30 பாகைக்கு இறக்கினா 52 தொன் தாண்டுது. தூக்கினது அதே 10 தொன்தான், பூம் படுக்கப் படுக்க லோட் அடிப்பின்னில இருந்து விலகிப் போகுது, பென்டன்ட்டின்ட நெம்பு நீளம் (அடிப்பின்னில இருந்து ரோப்புக்கு உள்ள செங்குத்துத் தூரம்) மட்டும் 4.4 மீற்றருக்கும் 5.7 மீற்றருக்கும் இடையிலயே நிக்குது, அவ்வளவுதான் விசயம். அந்த 30 பாகையில பூமுக்குள்ள வாற அமுக்கம் 57 தொன், லோட்டைத் தூக்கிற ஹொய்ஸ்ட் ரோப் பூம் வழிய ஓடி வாறதால சேர்றது அதுக்கு மேல. இன்னொண்டு, கன பேர் யோசிக்கிறேல்ல: லோடே இல்லாம, அரைத் தொன் கொக்கியோட மட்டும் தரையில படுத்திருக்கிற பூமை முதன்முதலாக் கிளப்பேக்க 13 தொன்னுக்கு மேல இழுவை வருது, அதாவது 80 பாகையில 10 தொன் தூக்கிற அளவு. "சும்மா பூமைத்தானே கிளப்புறம்" எண்டு சைட்டில சொல்லேக்க எனக்கு எப்பவும் இந்த இலக்கம்தான் ஞாபகம் வரும்.

இப்ப தடிப்புக்கு வருவம். 52 தொன் ரெண்டாப் பிரிஞ்சா ஒரு ரோப்புக்கு 26. அசையாம நிக்கிற பென்டன்ட் ரோப்புக்கு அமெரிக்கன் ஸ்டாண்டர்ட் ஏஎஸ்எம்ஈ பி30.5 கேக்கிற ஆகக் குறைஞ்ச பாதுகாப்புக் காரணி (உடையும் பாரம் வாற இழுவையின்ட எத்தினை மடங்கு எண்டது) 3, கப்பியில ஓடுற ரோப்புக்கு 3.5. அப்ப 78 தொன் உடையும் பாரம் வேணும். 6க்கு 36 கட்டமைப்பு (ஆறு புரி, ஒவ்வொண்டிலயும் 36 கம்பி), நடுவில ஸ்டீல் கோர், கம்பியின்ட பலம் 1770 கிரேட் எண்ட ரோப் எண்டா 32 மில்லிமீற்றர் கிட்டத்தட்ட 65 தொன், போதாது, 36 மில்லிமீற்றர் கிட்டத்தட்ட 83 தொன், அது சரி. நடுவில நார் வச்ச ஃபைபர் கோர் ரோப்பை இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம், விலை குறைவெண்டு ஆமர் வீதியில யாராவது தந்தாலும்.

நீங்க கண்ட அந்த நுனி இறக்கம் எங்க இருந்து வருதெண்டும் இதே கணக்கில காட்டலாம். 36 மில்லிமீற்றர் ரோப் 27 மீற்றர் நீளத்தில 26 தொன் இழுவைக்கு 11, 12 சென்றிமீற்றர் இழுபடும். பென்டன்ட்டின்ட நெம்பு நீளம் 5.7 மீற்றர், பூம் 30 மீற்றர், அதால நுனியில அது அஞ்சு மடங்குக்கு மேல பெருகி 60 சென்றிமீற்றர் ஆகுது, 30 பாகையில அதில பாதி, 30 சென்றிமீற்றர், கிடையா முன்னுக்குப் போகுது. கேன்ட்ரி, பூமைத் தூக்கி இறக்கிற பூம் ஹொய்ஸ்ட் ரோப், க்ரோலருக்குக் கீழ இருக்கிற மண் எல்லாம் குடுக்கிறது இதுக்கு மேல, மட்டக்குளிப் பக்கத்து நிலத்தைப் பத்தி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சரி, ஒரு சைஸ் கூட்டி 40 மில்லிமீற்றர் போட்டா? அந்த 60, 50க்கு வரும். அவ்வளவுக்காகச் சொக்கெட், பின், அது மாட்டுற காது எல்லாம் மாத்த வேண்டி வரும், பூமுக்கு மேல தொங்குற பாரமும் கூடும். ஆக இந்த இறக்கத்தை மாத்த வேண்டிய இடம் ஒபரேட்டரின்ட பழக்கத்தில. லோட் சார்ட்டில இருக்கிற ஆரை, அதாவது கிரேன் சுழலுற மையத்தில இருந்து கொக்கிக்கு உள்ள கிடைத்தூரம், லோட் அந்தரத்தில தொங்கேக்க இருக்கிற ஆரை. தரையில இருந்து ஒரு சாண் தூக்கி நிப்பாட்டி, அப்ப ஆரையைப் பாத்து, கூடிப்போனா பூமை நிமித்திப்போட்டுத்தான் மிச்சம் தூக்க வேணும். தரையில லோட் இருக்கேக்க கொக்கியை அதுக்கு நேர மேல வச்சுப்போட்டுத் தூக்கினா, கிளம்பின உடன அது முன்னுக்கு வீசும், லோட் கட்டுற ரிக்கர் அந்தப் பக்கம் நிண்டா யோசிச்சுப் பாருங்கோ.

அடுத்தது பங்குபோடுறது, இதில கொஞ்சம் நிக்கிறன், ஏனெண்டா உங்கட கேள்விக்கு உண்மையான ஆபத்து இதிலதான் இருக்கு. ரெண்டு ரோப்பில ஒண்டு மற்றதை விட 5 சென்றிமீற்றர் கட்டையா இருந்தா, மேல சொன்ன 36 மில்லிமீற்றர் கணக்கில, ரெண்டுக்கும் இடையில 11 தொன் வித்தியாசம் வருது. ஒண்டு 31, 32 தொன், மற்றது 20. காரணி 3.2 எண்டு நினைச்சுக்கொண்டிருந்தது ஒரு ரோப்பில 2.6 ஆயிட்டுது, பூமும் ஒரு பக்கமா முறுக்குப்படுது. அஞ்சு சென்றிமீற்றர் எப்பிடி வரும் எண்டு கேப்பீங்க. புது ரோப் பாவிக்கத் தொடங்கின உடன அதின்ட இழைகள் இறுகி அமர்ந்து, திரும்பி வராத மாதிரி நீளும், அது நீளத்தில கால் வீதத்தில இருந்து அரை வீதம் வரைக்கும். 27 மீற்றருக்கு 7 தொடக்கம் 13 சென்றிமீற்றர். ஒண்டை மட்டும் மாத்திப்போட்டு மற்ற பழசை அப்பிடியே விட்டா, முதல் நாள் அளந்து சரியாப் போட்டாலும் ஒரு மாசத்தில பழசுதான் பாரத்தைச் சுமக்கும், துருப்பிடிச்ச அதே பழசு. ஆகவே மாத்திறதெண்டா சோடியா மாத்த வேணும், ஒரே உருளையில இருந்து வெட்டின ரோப், முன்கூட்டியே இழுத்து அமர்த்தினது, அதாவது உடையும் பாரத்தின்ட 40 வீதம் அளவுக்குச் சில தரம் இழுத்து விட்டது, நீளத்தை இழுவையில வச்சு அளந்தது. நிலத்தில விரிச்சு அளவு நாடா பிடிச்சு அளந்தா அது அளவில்லை. சில மெஷினில கேன்ட்ரிப் பக்கம் ஈக்குவலைசர் தட்டோ கப்பியோ இருக்கும், சின்ன நீள வித்தியாசத்தை அது திரும்பி எடுத்துக்கொள்ளும், ஆனா பெயின்ட்டும் துருவும் சேந்து அந்தப் பின் இறுகிப்போயிருந்தா இருந்தும் இல்லாதது மாதிரி. ரோப் வாங்க முதல் அதைக் கையால ஆட்டிப் பாருங்கோ.

ரொட் போடலாமா எண்டதுக்கு இதிலேயே பாதி விடை வந்திட்டுது. ரோப்பின்ட மீள்தன்மைக் குணகம் திண்ம இரும்பின்ட பாதியளவுதான், அதால அதே குறுக்குப் பரப்புள்ள ரொட் ரெண்டு மடங்கு விறைப்பு. நுனி இறக்கம் குறையும், உண்மை. ஆனா அதே 5 சென்றிமீற்றர் நீளப் பிழைக்கு வித்தியாசம் 11க்குப் பதிலா 22 தொன். கட்டையான ரொட்டில 37, மற்றதில 15. ரோப் மன்னிக்கிற பிழையை ரொட் மன்னிக்காது. பெரிய கிரேன் செய்யிற கொம்பனிகள் பார் பென்டன்ட் போடுறாங்கள்தான், நல்ல சாமான், புது ரோப் மாதிரி அமர்ந்து நீளுற பிரச்சினை இல்லை, கண்ணால பாத்தே கன விசயம் கண்டுபிடிக்கலாம். ஆனா அது உயர்பல உருக்குத் தண்டு, பின் துவாரத்துக்குத் துவாரம் நீளம் மெஷினில வெட்டி எடுத்தது. அதை வேலைத்தளத்தில காது வெட்டி வெல்ட் பண்ணி எடுக்க ஏலாது, வெல்டுக்குப் பக்கத்தில சூடு பட்ட இடத்தில வெடிப்புத் தொடங்கும், இந்த இழுவை ஒவ்வொரு தூக்கிலயும் ஏறி இறங்குது, வெடிப்பு வளர வேற ஒண்டும் தேவையில்லை. பூமைத் தரையில படுக்க வைக்கேக்க ரோப் எண்டா சுருண்டு கிடக்கும், பார் எண்டா அதுக்கு முட்டு இல்லாட்டி வளைஞ்சு போகும், வளைஞ்ச பாரை நிமித்திப் பாவிக்கக் கூடாது. கோல்ஃபேஸில நிண்டு துறைமுகத்துப் பக்கம் பாத்தீங்கெண்டா கன்டெய்னர் தூக்கிற பெரிய கேன்ட்ரி கிரேன்கள் பூமை மேல மடிச்சுக்கொண்டு நிக்கும். அதில பூமைத் தாங்குற ஸ்டேக்கள் இரும்பு லிங்க்தான், நடுவில பின் வச்சு மடங்குறது, பூம் மடியேக்க அதுவும் மடியும், பூம் கீழ வந்து நேரானதும் பாரத்தை அது வாங்கிக்கொள்ளும், பூமைத் தூக்கிற ரோப் ஓய்வு. அங்க வேலைநேரத்தில பூம் எப்பவும் ஒரே நிலையில, அதால அது பொருந்துது. அதைப் பாத்துப்போட்டு க்ரோலரிலயும் போடலாமெண்டு நினைக்க வேண்டாம்.

தளர்ற கதைக்கு வருவம். பந்தல் கால் நிமித்தேக்க ஒரு பக்கம் மட்டும் கயிறு பிடிச்சு இழுத்தா, கால் நேரா வந்த பிறகு இழுத்தவங்கட தலையிலேயே விழும், மற்றப் பக்கம் பிடிக்க ஆள் இல்லை. பென்டன்ட்டும் அப்பிடித்தான். எங்கட உதாரணத்தில 80 பாகையில 10 தொன் தொங்கேக்க இழுவை 13.5 தொன், ஸ்லிங் அறுந்தா அது ஒரு கணத்தில 2 தொன்னளவுக்கு விழுது, இழுபட்டு நிண்ட ரோப் சுருங்கிற வேகத்தில பூமைப் பின்னுக்கு எறியும், பூமின்ட பாரமையம் அப்ப அடிப்பின்னுக்கு 2.6 மீற்றர் முன்னால மட்டும்தான் நிக்குது. லோட் இல்லாம பூமைச் செங்குத்தா வச்சுவிட்டுப் போக, முன்னால இருந்து வாற சோளகக் காத்தும் அதே வேலையைச் செய்யும். அதுக்காகத்தான் பூம் ஸ்டொப் எண்டு பூமுக்குப் பின்னால ரெண்டு தாங்கு தண்டு, ஸ்பிரிங்கோ ஹைட்ரோலிக்கோ வச்சது, இருக்கு. ரெண்டும் ஒரே நேரத்தில பூமில முட்ட வேணும், ஒண்டு முந்தினா பூம் முறுகும். அதுக்கு முதலே பூம் ஹொய்ஸ்டை வெட்டிவிடுற லிமிட் சுவிட்ச் வேலை செய்ய வேணும். பழைய மெஷின்களில "அது சும்மா சும்மா நிப்பாட்டுது" எண்டு சுவிட்சைக் கட்டி வச்சிருப்பாங்கள். உங்கட மெஷினில பென்டன்ட் மாத்திற காசில ஒரு பகுதியை இதுக்கு ஒதுக்கச் சொல்லி நான் கேப்பன், ரோப் ஒரு சைஸ் பெரிசாப் போடுறதை விட இது பெறுமதி.

பக்கவாட்டுக்குப் பென்டன்ட் கிட்டத்தட்ட உதவியே செய்யாது, இதையும் சொல்ல வேணும். ரெண்டு ரோப்பும் பூமுக்கு மேலால ஒடுங்கின இடைவெளியில போறதால பக்கத்துக்குத் தள்ளுற விசையைப் பூமின்ட அடி அகலமும் அதின்ட சொந்த விறைப்பும்தான் தாங்குது. 1999 ஜூலை 14இல அமெரிக்காவில மில்வோக்கி நகரத்தில மில்லர் பார்க் மைதானத்துக்குக் கூரைத் துண்டு ஒண்டைத் தூக்கேக்க பிக் ப்ளூ எண்டு கூப்பிட்ட ராட்சதக் கிரேன் விழுந்து மூண்டு பேர் செத்தாங்கள், துண்டு 400 தொன்னுக்கு மேல, காத்து அந்தப் பெரிய பரப்பில பட்டுத் தள்ளினது கணக்கில சேரேல்ல எண்டதுதான் அதில படிக்க வேண்டியது. டெலஸ்கோப்பிக்கில கூடப் பெரிசாப் போகப் போக இதே பிரச்சினைதான், லீபெர் எல்டிஎம் 11200 எண்ட 1200 தொன் கிரேனின்ட 100 மீற்றர் பூமுக்கு வை வடிவத்தில ரெண்டு கை விரிச்சு ரோப் கட்டி இழுக்கிறது ஏனெண்டா அகல விரிச்சாத்தான் பக்கவாட்டுக்கும் பிடி கிடைக்கும். கொழும்பில தகடு, ஷட்டரிங் பனல் தூக்கிறவங்கள் லோட்டின்ட பாரத்தை மட்டும் பாக்கிறாங்கள், பரப்பைப் பாக்கிறேல்ல. அதோட லோட்டைப் பக்கத்தில இருந்து இழுத்து எடுக்கிறது, அதைப் பத்திச் சொல்லி எனக்கே அலுத்துப்போச்சு.

இனி நுனிகள். வார்த்த சொக்கெட், துத்தநாகமோ ரெசினோ, ஒழுங்காச் செய்தா ரோப்பின்ட முழுப் பலத்தையும் தரும். யூ போல்ட் கிளிப் எண்டா 80 வீதம் அளவு, அதுவும் சரியா இறுக்கினா, பென்டன்ட்டுக்கு அது வேண்டாம். ரோப் சொக்கெட்டுக்குள்ள போற வாய்தான் முதல் சாகிற இடம், ஏனெண்டா ஆட்டமெல்லாம் வந்து நிக்கிறது அங்க. எங்கட ஊரில அதுக்கு மேல உப்புக் காத்து. பென்டன்ட் கேன்ட்ரியில இருந்து மேல் நோக்கிப் போறதால கீழ்ப்பக்க சொக்கெட்டின்ட வாய் மேல பாத்துக்கொண்டு நிக்கும், மழைத்தண்ணி ரோப் வழிய வழிஞ்சு அதுக்குள்ளதான் இறங்கும், வெளியால கிரீஸ் பூசி வடிவா இருக்கும், உள்ளுக்க கம்பி உக்கியிருக்கும். நிக்கிற ரோப்பில ஒரு முறுக்கு நீளத்துக்குள்ள (ஒரு புரி ரோப்பை ஒருக்காச் சுத்தி வாற நீளம்) ரெண்டுக்கு மேல அறுந்த கம்பி, இல்லாட்டி சொக்கெட் நுனியில ஒண்டுக்கு மேல அறுந்த கம்பி கண்டா கழட்ட வேணும் எண்டது அதே பி30.5இன்ட விதி. ஓடுற ரோப்புக்கு விதி இவ்வளவு இறுக்கமில்லை, அதைப் பாத்துப் பழகினவங்கள் பென்டன்ட்டையும் அதே கண்ணால பாத்து விட்டுவிடுவாங்கள்.

நான் மேல சொன்னதில எது உறுதி, எது சாய்வு எண்டும் பிரிச்சுச் சொல்லிவிடுறன். நிலையியல் கணக்கு உறுதி, அளவு குடுத்தா யார் செய்தாலும் அதே இலக்கம் வரும். காரணி 3, கழட்டுற விதி, அதுகளும் எழுத்தில இருக்கு. ரோப் எவ்வளவு இழுபடும் எண்டது அண்ணளவு, ரோப்பின்ட கட்டமைப்பு, வயசு, இழுவையின்ட அளவு எல்லாத்தோடயும் அது மாறும், 11 சென்றிமீற்றர் எண்டதை 9 எண்டோ 14 எண்டோ வச்சாலும் நான் சண்டைக்கு வரமாட்டன். டக்கெண்டு தூக்கிறது, டக்கெண்டு நிப்பாட்டுறது எண்ட இயக்க விசைக்கு நான் ஒண்டும் சேக்கேல்ல, அது ஒபரேட்டரின்ட கையைப் பொறுத்தது, வடிவமைப்பாளர் அதுக்கு ஒரு பெருக்கி வைப்பார், அந்தப் பெருக்கி எவ்வளவு எண்டதில அனுபவமும் அபிப்பிராயமும் கலந்திருக்கு. அதோட இதெல்லாம் கணினியில இருந்து கொண்டு சொல்லுறது, மெஷினைப் பாக்காம உங்களுக்கு ஒரு சைஸை எழுதித் தர ஒரு பொறியியலாளரும் துணியக் கூடாது. மேனுவலில என்ன ரோப், என்ன கிரேட், பின்னுக்குப் பின் என்ன நீளம் எண்டிருக்கோ அதுதான் முதல் ஆதாரம். மேனுவல் இல்லையெண்டா சீரியல் இலக்கத்தை வச்சுத் தயாரிப்பாளரிட்டக் கேட்டு எடுங்கோ, பழைய மெஷினெண்டாலும் பெரிய கொம்பனிகள் கனக்க அதை வச்சிருப்பாங்கள். 1942ஆம் ஆண்டு 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்துக்குக் கீழ அதிகாரமளிக்கப்பட்ட அலுவலர் ஒருவர் கிரேனைப் பரிசோதிக்க வேணும், பென்டன்ட் மாத்தினதை அவரிட்ட மறைக்காம, சான்றிதழோட காட்டுங்கோ.

ஆக உங்கட விசயத்தில நான் செய்யிற ஒழுங்கு இதுதான்: இண்டைக்கே கிரேனை நிப்பாட்டி பூமைப் படுக்க வைக்கிறது, பழைய ரெண்டு ரோப்பையும் கழட்டி சொக்கெட்டில இருக்கிற டேக்கை வாசிக்கிறது, பின் விட்டத்தையும் காதில துவாரம் நீள்வட்டமாத் தேஞ்சிருக்கா எண்டதையும் அளக்கிறது, ஈக்குவலைசர் பின்னையும் பூம் ஸ்டொப்பையும் லிமிட் சுவிட்சையும் சரிபாக்கிறது, பிறகு அதே சைஸ், அதே கிரேட், கல்வனைஸ் பண்ணின ரோப் சோடியா, இழுத்து அமர்த்தி, சொக்கெட் வார்த்து, இழுவைப் பரிசோதனைச் சான்றிதழோட ஓடர் பண்ணுறது. பூமைப் படுக்க வைக்கேக்க கட்டாயம் லோட் இல்லாம, அடியில ஆள் இல்லாம, ஏனெண்டா மேல சொன்ன அந்த 13 தொன் இறக்கேக்கயும் வரும், அதுவும் நீங்களே துருப்பிடிச்சிட்டுதெண்டு சொல்லுற ரோப்பில. ரோப்பின்ட நிலை கண்ணுக்கே மோசமெண்டா, நுனியை இன்னொரு கிரேனால பிடிச்சுக்கொண்டு இறக்குங்கோ, வாடகை கொஞ்சம் கூடத்தான்.